சூடானால் நின்றுவிடும் மோட்டார் சைக்கிள்! குற்றவாளி யார்?

காலையில் ஒரே உதையில் கிளம்புகிறது. கடைத்தெரு வரை குதிரை போல ஓடுகிறது. அரை மணி நேரம் ஆனதும் இருமுகிறது. பிறகு நின்றே விடுகிறது.

உதைத்தால் கிளம்பாது. தள்ளினாலும் கிளம்பாது. பத்து நிமிடம் மரத்தடியில் நிறுத்தி வையுங்கள். ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்!

இந்த நோய் உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கும் உண்டா? அப்படியானால் இதைப் படியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

"எஞ்சின் சூடானால் வண்டி நிற்கிறது" என்று நாம் மெக்கானிக்கிடம் சொல்கிறோம். அவர் தலையை ஆட்டுகிறார். ஒரு சாமானை மாற்றுகிறார். பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். மறுவாரம் வண்டி மறுபடியும் நிற்கிறது.

குற்றம் யார் மேல்? வண்டி மேலா? மெக்கானிக் மேலா?

பாதிக் குற்றம் நம் மேல்தான்! இது என் கருத்து. பட்ட பிறகு தெரிந்துகொண்ட கருத்து.

நடுச்சாலையில் நின்றது

என்னிடம் இருப்பது பழைய வண்டி. கார்புரேட்டர் வைத்த காலத்து வண்டி. ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தாம்பரத்தில் இருந்து செங்கல்பட்டுக்கு உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டேன். பின்னால் என் மனைவி.

சிங்கப்பெருமாள் கோயிலை நெருங்கும் நேரம். வண்டி இரண்டு முறை திணறியது. அப்படியே நின்றுவிட்டது. நடுச்சாலை! பின்னால் ஒரு லாரி. அதன் ஹாரன் சத்தம் என் முதுகில் அடித்தது போல இருந்தது. லாரிக்காரர் வண்டியை வளைத்து ஓட்டிக்கொண்டு போனார். அவர் நல்லவர். அதனால்தான் நான் இதை எழுதிக்கொண்டு இருக்கிறேன்.

என் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் கை மட்டும் என் சட்டையைப் பிடித்தபடியே இருந்தது.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். பிளக்கை மாற்றினார். 150 ரூபாய். நான்கு நாளில் வண்டி நின்றது. மறுபடியும் போனேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். 500 ரூபாய். ஒரு வாரம் கழித்து நின்றது. மூன்றாவது முறை போனேன். "காயில் போயிருக்கும் சார்" என்றார். புதுக் காயில், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்.

மொத்தம் 2,050 ரூபாய். பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் போக வேண்டிய பணம்!

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி மறுபடியும் நின்றது.

காலண்டர் சொன்ன செய்தி

எங்கள் வீட்டில் பால் கணக்கை மாதக் காலண்டரில் எழுதுவது வழக்கம். ஒரு நாள் இரவு என் மனைவி அந்தக் காலண்டரை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, வெயிலில் வண்டி சூடாகி நிற்கிறது என்றுதானே சொல்கிறீர்கள்?"

"ஆமாம்."

"வண்டி நின்ற நாளை எல்லாம் இதில் குறித்து வைத்திருக்கிறேன். ஐந்து நாள். அதில் ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்குப் போனீர்கள். அப்போது வெயில் எங்கே இருந்தது? இன்னொரு நாள் மழை. பெட்ரோல் நிறையப் போட்டுக்கொண்டு போன நாளில் மட்டும் சீக்கிரமாக நின்றிருக்கிறது. இது என்ன கணக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் படித்தவன் நான். வண்டி ஓட்டுகிறவனும் நான். பின்னால் உட்கார்ந்து வந்தவள் கவனித்ததை நான் கவனிக்கவில்லை!

மறுநாள் அதிகாலையில் வண்டியை எடுத்தேன். நெடுஞ்சாலைக்குப் போகவில்லை. எங்கள் பக்கத்துத் தெருக்களையே சுற்றிச் சுற்றி வந்தேன். இருபதாவது நிமிடம் வண்டி திணறி நின்றது. ஓரமாக நிறுத்தினேன். பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்தேன்.

"உஸ்!"

காற்று உள்ளே பாயும் சத்தம். சிறிது பொறுத்து வண்டியை உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது. எஞ்சின் அப்போதும் கை வைக்க முடியாத சூட்டில்தான் இருந்தது!

எண்ணெய் டின் பாடம்

கடையில் எண்ணெய் டின்னைத் திறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக வடியாது. எதிர்ப்பக்கமும் ஓர் ஓட்டை போடுவார்கள். அதன் வழியாகக் காற்று உள்ளே போகும். இந்தப் பக்கம் எண்ணெய் வெளியே வரும்.

பெட்ரோல் டாங்கும் அப்படித்தான். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, மேலே காற்று உள்ளே போக வேண்டும். அதற்காகப் பல வண்டிகளில் மூடியிலேயே ஒரு சின்னத் துளை இருக்கும். என் வண்டியில் அந்தத் துளையைத் தூசியும் சோப்பு நுரையும் சேர்ந்து அடைத்துவிட்டன. காற்று போகவில்லை. பெட்ரோல் இறங்கவில்லை. வண்டி நின்றது.

டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்று குறைவு. அதனால் சீக்கிரம் நின்றது. பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால், அடைத்த துளை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போய்விடும். வண்டி கிளம்பும். "ஆறியதும் கிளம்பிவிட்டது" என்று நான் நினைத்துக்கொள்வேன்!

மெல்லிய கம்பியால் குத்தினேன். ஊதினேன். செலவு? ஒரு காசும் இல்லை.

சூட்டின் மேல் பழி போட்டேன். சூடு குற்றவாளியே அல்ல!

முதல் வண்டியிலேயே சூடு

அப்படியானால் சூட்டால் வண்டி நிற்பதே இல்லையா? நிற்பது உண்டு. சூட்டுத் தொல்லை மோட்டார் சைக்கிளுடன் கூடவே பிறந்தது.

ஜெர்மனியில் 1885-ம் ஆண்டு டெய்ம்லர், மேபாக் என்ற இருவர் பெட்ரோலில் ஓடும் இரண்டு சக்கர வண்டியைச் செய்தார்கள். பெரும்பாலும் மரத்தால் ஆனது. அதில் பிளக் கிடையாது. சிவக்கச் சிவக்கக் காய்ந்த ஒரு குழாய்தான் பெட்ரோலைப் பற்றவைத்தது. ஓட்டிப் பார்த்தபோது அந்தச் சூட்டில் இருக்கையே தீப்பற்றிக்கொண்டது என்று சொல்வார்கள்!

எஞ்சின் ஓடுவதே சூட்டால்தான். ஆகவே சூடாவது நோய் அல்ல. சூடானதும் எது வேலையை நிறுத்துகிறது? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பொறி, பெட்ரோல், எஞ்சின் என்று மூன்று இடங்களில் தேட வேண்டும்.

முதல் இடம்: பொறி

விளக்கை அணைத்தது போல வண்டி பட்டென்று நின்றதா? திணறல், இருமல் எதுவும் இல்லையா? மின்சாரத்தின் மேல் சந்தேகப்படுங்கள்.

பாட்டரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கில் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அப்படிப் பெருக்கிக் கொடுப்பது காயில். அதற்குள் தலைமயிர் போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். கம்பியில் ஒரு சின்ன விரிசல் இருந்தால் போதும். சூட்டில் விரிந்து விலகும். ஆறினால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். கம்பியின் மேல்பூச்சு கெட்டிருந்தாலும் இதே கதைதான். பழைய வண்டிகளில் கண்டென்சர் என்ற சிறு சாமானும் இப்படி ஏமாற்றும்.

சோதிப்பது எப்படி? வண்டியில் எப்போதும் ஒரு பிளக் உபரியாக இருக்கட்டும். வண்டி நின்றவுடன் அதைப் பிளக் மூடியில் சொருகுங்கள். பிளக்கின் இரும்பு, எஞ்சினின் இரும்பில் அழுத்தமாகப் படும்படி வையுங்கள். பெட்ரோல் சிந்திய இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். ரப்பர் மூடியை மட்டும் பிடித்துக்கொண்டு உதையுங்கள். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் மின்சாரம் சரி. பொறி இல்லை என்றால், அல்லது மங்கிய மஞ்சளாக வந்தால், கோளாறு அங்கேதான்.

இந்தச் சோதனை கார்புரேட்டர் வண்டிக்கு. இதைச் சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். ஆறிய பிறகு செய்தால் பொறி நன்றாகவே வரும். நீங்களும் ஏமாறுவீர்கள். மெக்கானிக்கும் ஏமாறுவார்.

இரண்டாவது இடம்: பெட்ரோல்

வண்டி திணறி, விக்கி, மெதுவாகச் செத்ததா? பெட்ரோல் வரவில்லை. அல்லது அளவுக்கு மேல் வருகிறது.

முதலில் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்றால் என் கதைதான் உங்கள் கதையும்.

அடுத்து பெட்ரோல் டியூபைப் பாருங்கள். அது எஞ்சினை ஒட்டிக்கொண்டு போகிறதா? பெட்ரோல் பல பொருள்கள் சேர்ந்த கலவை. அவற்றில் லேசானவை கொஞ்சம் சூட்டிலேயே ஆவியாகிவிடும். ஆவிக் குமிழி டியூபில் அடைத்துக்கொண்டால் பெட்ரோல் நகராது. டியூபைச் சற்று விலக்கி மாட்டினால் தீர்ந்தது.

காலையில் இழுத்த சோக்கை மறுபடியும் தள்ளினீர்களா? மறந்துவிட்டால் சூடான எஞ்சினுக்கு அளவுக்கு மீறிப் பெட்ரோல் போகும். வயிறு நிறைந்த பிள்ளைக்கு மேலும் மேலும் சோறு ஊட்டுவது போல! ஏர் பில்டரில் தூசி அடைத்தாலும் இதே கதிதான்.

மூன்றாவது இடம்: எஞ்சின்

உதைக்கும்போது கால் லேசாக இறங்குகிறதா? உள்ளே அழுத்தம் இல்லை. டாப்பெட் இறுகி இருக்கலாம்.

டாப்பெட்டுக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வேண்டும். பல வண்டிகளில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நீங்கள் படிக்கும் இந்தத் தாளின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்! சூட்டில் இரும்பு நீளும். இடைவெளி இல்லை என்றால் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் ஓடிப்போகும். வண்டி நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. "டாப்பெட் சத்தம் கேட்கிறது, டைட் பண்ணுங்க" என்று மெக்கானிக்கைத் தொந்தரவு செய்கிறவர்கள் நாம்தான். அவர் இறுக்கிவிடுகிறார். சத்தம் போகிறது. கூடவே வண்டியின் உயிரும் போகிறது. கொஞ்சம் சத்தம் இருந்தால் இருக்கட்டும்! எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, அந்த வண்டிக்குச் சொன்ன அளவில்தான் டாப்பெட்டை வைக்க வேண்டும்.

உதைத்தால் கால் இறங்கவே இல்லையா? ஜாக்கிரதை! ஆயில் குறைந்து பிஸ்டன் பிடித்திருக்கலாம். மேற்கொண்டு உதைக்காதீர்கள். முழுதாக ஆறவிடுங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். வண்டியை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவசரப்பட்டால் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

புது வண்டியானால்?

2020-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பி.எஸ். 6 என்ற புகை விதி வந்தது. அதன் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. ஒரு சிறு கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. இதில் நாம் கை வைக்க வேண்டாம்.

ஆனால் கண்ணை வைக்கலாம். சாவி போட்டதும் எஞ்சின் படம் போட்ட விளக்கு ஒன்று எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். ஓடும்போதோ நின்றபோதோ அது மறுபடியும் எரிந்ததா? கவனியுங்கள். டாங்கில் பெட்ரோல் எவ்வளவு இருந்தது? பெட்ரோல் பம்ப் பல வண்டிகளில் டாங்குக்குள்ளேயே இருக்கிறது. சுற்றிலும் பெட்ரோல் இருந்தால்தான் அது குளிர்ந்திருக்கும். இவற்றைப் போய்ச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறு எண்ணைக் கருவி வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். படிக்காமல் சாமானை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

செய்யக் கூடாதவை

வண்டி திணற ஆரம்பித்ததும் கிளட்சைப் பிடியுங்கள். கை காட்டி, ஓரத்துக்குப் போங்கள். பின்னால் இருப்பவரை முதலில் இறக்கி, சாலையை விட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். வண்டி பிறகு!

சூடான எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலோகம் விரிசல் விடலாம். ஆவி முகத்தில் அடிக்கும்.

பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது. சூடான பிளக்கை வெறும் கையால் தொடாதீர்கள்.

மெக்கானிக்கின் நியாயம்

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று முறை என் வண்டியைப் பார்த்த மெக்கானிக் ஏமாற்றுக்காரர் அல்ல. அவர் கடைக்குப் போய்ச் சேரும்போது வண்டி ஆறியிருந்தது. அவர் உதைத்தார். கிளம்பியது. காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோனால் அவர் என்ன செய்வார்? ஊகித்துத்தான் மருந்து கொடுப்பார். இவரும் ஊகித்தார்.

"கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிப் பார்த்திருக்கலாமே" என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "சார், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, 'மூடியில் தூசி, ஊதிவிட்டேன்' என்று சொன்னால் நீங்கள் எனக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

உண்மைதானே? சாமானுக்குப் பணம் கொடுக்கிறோம். கூலிக்குப் பேரம் பேசுகிறோம். கண்டுபிடித்த மூளைக்கு மட்டும் ஒன்றும் கொடுப்பது இல்லை. "சும்மா பார்த்ததற்குக் காசா?" என்கிறோம். டாக்டர் பார்த்துச் சொன்னால் பணம் கொடுக்கிறோம். வக்கீல் யோசனை சொன்னால் பணம் கொடுக்கிறோம். கையில் கரி பட்டவர் யோசித்தால் மட்டும் இலவசம்!

அதனால் அவர் என்ன செய்கிறார்? சாமானை மாற்றுகிறார். அதில்தான் அவருக்குச் சோறு. இந்த வழக்கத்தை உண்டாக்கியவர்கள் நாம். அதன் செலவையும் நாமே கட்டுகிறோம்.

ஆகவே, மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லுங்கள்: "ஓட்டிப் பாருங்கள். சூடாக்கிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே சோதியுங்கள். பார்த்ததற்குத் தனியாகப் பணம் தருகிறேன். காரணம் தெரிந்த பிறகு சாமானை மாற்றுங்கள். கழற்றிய பழைய சாமானை என்னிடம் கொடுங்கள்."

மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பார்ப்பதற்குக் கூலி இவ்வளவு என்று கடையில் எழுதிப் போடுங்கள். வெட்கப்பட வேண்டாம். ஒரு தரம் சரியாகக் கண்டுபிடித்தால், அந்தக் குடும்பம் உங்களை விட்டு எங்கேயும் போகாது.

காலண்டரில் எழுதுங்கள்

வண்டிக்காரர்களுக்கு வேலை இன்னும் சுலபம். வண்டி நின்றால் நான்கு விஷயங்களைக் குறித்து வையுங்கள். கிளம்பி எத்தனை நிமிடத்தில் நின்றது? பட்டென்று நின்றதா, திணறி நின்றதா? டாங்கில் எவ்வளவு பெட்ரோல்? எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது?

பால் கணக்கு எழுதத் தெரிந்தால் போதும். இதையும் எழுதலாம். இந்த நான்கு வரியோடு போகிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஏமாற்ற நினைக்காத மெக்கானிக்குக்கு அது பெரிய உதவி.

ஊரில் எத்தனையோ குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் பிழைப்பு. பால் கொண்டுபோகிறவர், மீன் விற்கிறவர், வீடு வீடாகச் சாப்பாடு கொடுக்கிறவர்—வண்டி நின்றால் இவர்களுக்கு அன்றைய வருமானம் நிற்கும். நெடுஞ்சாலையில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

நான் போன மாதம் அந்த மெக்கானிக் கடைக்குப் போனேன். பிரேக்கில் ஏதோ சத்தம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "கல் ஒன்று மாட்டியிருந்தது சார். எடுத்துவிட்டேன். போய்வாருங்கள்" என்றார்.

நான் 100 ரூபாய் கொடுத்தேன்.

"எதற்கு சார்? ஒன்றும் மாற்றவில்லையே!"

"அதற்குத்தான்" என்றேன்.